வெங்காய வேரா, வால்மீன் சோதனையா?

நீரிலுள்ள மாசு உயிரணுவின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறதா என்பதை ஆர்வலர்களே சோதிக்க விரும்பினால், வழக்கமாக இரண்டு முறைகள் பேச்சில் வரும்: அந்த நீரில் வளர்ந்த வெங்காய வேர்நுனியில் நுண் உட்கருக்களை (உயிரணுவின் முதன்மை உட்கருவுக்கு வெளியே தனித்து நிற்கும் சிறு உட்கருக்களை) எண்ணுவது ஒன்று, ‘காமெட்’ எனப்படும் வால்மீன் சோதனை மற்றொன்று. எங்கள் ஊர் ஏரி நீருக்காக நாங்கள் சிலர் வெங்காயத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலையில் இல்லை.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியும் அசிட்டோகார்மைன் சாயமும் வெங்காயத்துக்குப் போதும். வால்மீன் சோதனைக்கு மின்புலப் பெட்டியும், பெரும்பாலும் ஒளிர் நுண்ணோக்கியும் வேண்டும்.

நுட்பத்தில் வால்மீனே முந்துகிறது. ஜெல்லில் பதித்த உயிரணுவின் சவ்வுகளைக் கரைத்து மின்புலத்தில் வைத்தால், முறிந்த டி.என்.ஏ. வால்போல் இழுபட்டு வெளிவரும். 1988இல் நரேந்திர சிங்கும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட காரக்கரைசல் முறை, ஒற்றை இழை முறிவைக்கூடக் காட்டிவிடும். ஆனால் நுண் உட்கரு, குரோமோசோமின் முறிந்த துண்டோ பின்தங்கிய முழு குரோமோசோமோ உயிரணுப் பகுப்பின்போது வெளியே விடுபட்ட பிறகுதான் தெரியும். பிரியாத உயிரணுவில் அது உருவாகாது.

இருந்தும் எங்களுக்கு முடிவைத் தந்தது வேறொரு காரணம்: சோதனையை மறுபடி செய்ய முடிகிறதா என்பது. மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஒரு நாள் வைத்து, உயிரணுக்கள் சிதையாதபடி நிலைநிறுத்திய வேர்நுனிகளை, எழுபது சதவீத ஆல்கஹாலில் இட்டுக் குளிர்பெட்டியில் பல வாரங்கள் வைத்திருக்கலாம். முதல் சுற்றில் ஒரே கண்ணாடித் தகட்டில் ஆயிரம் உயிரணுக்களைப் பார்த்த ஒருவர் ஒன்பது நுண் உட்கருக்கள் என்றார். இன்னொருவர் நான்கு என்றார். சாயத் துகள்களையும் முதலாமவர் சேர்த்திருந்தார். முதன்மை உட்கருவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல், அதே சாயச் செறிவுடன், அதைத் தொடாமல் நிற்பதை மட்டுமே எண்ணுவது என்று வரையறுத்துக்கொண்டு, மீதமிருந்த நுனிகளில் புதிய தகடுகள் செய்து, எது ஏரி நீர், எது ஒப்பீட்டுக்கு வைத்த காய்ச்சி வடித்த நீர் என்பதை மறைத்து மீண்டும் எண்ணினோம். பழக்கமில்லாத கைகள் செய்யும் வேலைக்கு இந்த இரண்டாம் வாய்ப்புதான் உயிர். வால்மீனிலும் உலர்த்திய ஜெல்லைத் திரும்பப் பார்க்கலாம் என்றாலும், உயிரணுவைப் பிரித்தெடுக்கும்போதே கைப்பிழையால் இழைகள் முறிந்திருந்தால், அதைப் பின்னர் எண்ணிக்கையில் பிரித்தறிய வழியில்லை. அந்த முறையில் எனக்கு உள்ளது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பெற்ற இரண்டு நாள் பழக்கமே. தேர்ந்தவர்கள் இதில் என்னோடு மாறுபடலாம்.

வெங்காயத்திலும் ஒரு கண்ணி உண்டு. முளைப்பதைத் தடுக்கச் சில நாடுகளில் தெளிக்கப்படும் மாலிக் ஹைட்ரசைடு, இதே சோதனையில் குரோமோசோம் சிதைவுக்கான நேர்மறைக் கட்டுப்பாடாகவும், அதாவது சிதைக்கும் என்று முன்பே தெரிந்த ஒப்பீட்டுப் பொருளாகவும், பயன்படுகிறது! எனவே எங்கே, எப்படி விளைந்தது என்று தெரிந்த வெங்காயத்தையே வாங்க வேண்டும்.

ஏரி நீரில் எண்ணிக்கை கூடினாலும், எந்த வேதிப்பொருள் காரணம் என்றோ மனிதருக்குத் தீங்கு என்றோ வெங்காயம் சொல்லாது. மீனின் சிவப்பணுக்களுக்கு உட்கரு உண்டு என்பதால், அடுத்த கட்டமாக அவற்றைச் சோதிக்க நேர்ந்தால் வால்மீன் முறையையே நாடுவேன். ஆனால் அதை வீட்டு மேசையில் அல்ல, உரிய அனுமதியுடன் இயங்கும் ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும்.