எச்சரிக்கை: தெரபி சென்டரை நம்பிச் சென்னையில் வீடு பிடிக்காதீர்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்காகத் தேனியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ சென்னைக்குக் குடிவரும் குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே வரிசையில்தான். முதலில் ஒரு சென்டரில் அசெஸ்மென்ட். அது முடிந்த கையோடு பேச்சு ஆரம்பிக்கும்: "இப்ப விட்டா வயசு போயிடும். ஆறு மாசப் பேக்கேஜ் போடுங்க. நமக்கு டை-அப் ஸ்கூல் இருக்கு, பக்கத்துலயே வீடும் பாத்துத் தர்றோம்." ஆறு மாதக் கட்டணம் முன்பணமாகப் போகும். வீட்டுக்கு அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. மூன்றாம் மாதம் பிள்ளைக்குப் பழகிய தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போயிருப்பார். டை-அப் பள்ளி, "வகுப்பில் பிள்ளை கூடவே இருந்து உதவும் ஷேடோ டீச்சரை நீங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கும். பேக்கேஜ் பணம் திரும்பாது, வீட்டு ஒப்பந்தத்தில் பதினோரு மாத லாக்-இன் (அதற்கு முன் காலி செய்ய முடியாது), ஊர்ப் பள்ளியில் டி.சி. வாங்கியாயிற்று.

வீடு கடைசியில் வர வேண்டியது. அது முதலில் வந்துவிட்டால் சென்டர் எவ்வளவு மோசமானாலும் நகர முடியாது. இது அவர்களுக்கும் தெரியும்.

பேக்கேஜ் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். மாதம் 20 அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் 15 மணி நேரம். ஒவ்வொரு அமர்விலும் கடைசிப் பத்து நிமிடம் நோட்டு எழுதவும் அம்மாவிடம் பேசவும் போனால் மிஞ்சுவது 11 மணி 40 நிமிடம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் போகவில்லை, "லேப்ஸ் ஆயிடுச்சு, கேரி ஃபார்வர்டு கிடையாது" என்றால் 9 மணி 20 நிமிடம். இதிலும் ‘ஒன்-டு-ஒன்’ என்று சொல்லிவிட்டு மூன்று பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைக்கும் இடங்கள் உண்டு. ஆகவே முழு அமர்வு எத்தனை நிமிடம், தனியா குழுவா, தெரபிஸ்ட் பெயர் என்ன, அவர் மாறினால் எத்தனை நாள் முன்பே சொல்வார்கள், விலகினால் மீதிப் பணம் எப்படி வரும் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். எழுதித் தர மறுக்கும் சென்டரில் மாதக் கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.

ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிந்திருக்க வேண்டும். அவர்களின் பதிவு எண்ணான சி.ஆர்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் வந்தால் மட்டும் போதாது, பதிவு காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஓ.டி. எனும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் பிசியோவும் ஆர்.சி.ஐ.யின் கீழ் வராதவர்கள், அவர்களிடம் பட்டச் சான்றிதழைத்தான் கேட்க வேண்டும். "எங்க தெரபிஸ்ட் எல்லாருக்குமே ஆர்.சி.ஐ. இருக்கு" என்று ஒரு சென்டர் ஓ.டி.யையும் சேர்த்துச் சொன்னால், சந்தேகம் அங்கேயே தொடங்கலாம். ‘பிஹேவியர் தெரபிஸ்ட்’ என்ற பலகையை வார இறுதி வகுப்புச் சான்றிதழோடும் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன பட்டம் இருக்கிறது என்று கேளுங்கள். மையத்துக்கும் பதிவு தேவை: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். வரவேற்பறையில் விருதுகள் மட்டும் தொங்கினால் கேட்டுவிடுங்கள்.

பள்ளியில் நடக்கும் மோசடி வருடக்கணக்கில் வெளியே தெரியாது. ‘இன்க்ளூசிவ் ஸ்கூல்’ என்று பெயர் வைத்திருப்பது அங்கீகாரமே இல்லாத சென்டராக இருக்கலாம். பிள்ளை யூனிஃபார்ம் போட்டுப் போகும், கட்டணமும் போகும், ஆனால் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் பெயர் இருக்காது. வேறு பள்ளிக்கு மாற்றும்போதுதான் டி.சி. என்று ஒன்று தர இயலாது என்பது தெரியவரும். ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் அடையாள எண்ணான யுடைஸ் எண்ணைக் கேளுங்கள். 11 இலக்கம், தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33இல் தொடங்கும், இணையத்தில் சரிபார்க்கலாம். சேர்ந்த பிறகு பிள்ளையின் எமிஸ் எண்ணை வாங்கிவிடுங்கள். சில இடங்களில் முழுநாளும் திறந்தநிலைப் பள்ளிப் பாடம்தான் சொல்லித் தருவார்கள். அதில் தவறில்லை, ஆனால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

அங்கீகாரம் உள்ள பள்ளியிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பிள்ளை வகுப்பில் எத்தனை பீரியட், சிறப்புப் பயிற்சிக்கான தனி அறையான ரிசோர்ஸ் ரூமில் எத்தனை பீரியட்? காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை ரிசோர்ஸ் ரூமிலேயே வைத்துவிட்டு, அசெம்பிளியில் மட்டும் நிற்க வைத்துப் போட்டோ எடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. டைம்டேபிளைக் காகிதத்தில் வாங்குங்கள்.

குடி மாறினால் இழப்பது என்ன என்பதை யாரும் சொல்வதில்லை. அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் வட்டார வள மையத்து சிறப்புப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறார்கள். ஊரில் அரசுப் பள்ளியில் இருந்த பிள்ளையைச் சென்னையில் தனியார் பள்ளியில் போட்டால் அந்த உதவி நின்றுபோகும். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே இருக்கலாம், அதை ஒருமுறை பார்க்காமல் லாரி பிடிக்க வேண்டாம். சென்னைப் பக்கம் வந்தே ஆக வேண்டும் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான ஒன்றிய அரசின் என்.ஐ.இ.பி.எம்.டி. நிறுவனம் இருக்கிறது. பேக்கேஜ் போடுவதற்கு முன் அங்கே ஒரு மதிப்பீடு எடுத்து வைத்துக்கொண்டால், சென்டர்காரர் சொல்லும் ‘சிவியர்’, ‘மைல்டு’ கதைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆட்டிசத்தை அளக்க இந்தியாவில் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 கூறுகள்: மொத்த மதிப்பெண் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மொத்த மதிப்பெண் மட்டும் போதாது, ஒவ்வொரு கூறுக்குமான மதிப்பெண் தாளைக் கேளுங்கள்.

தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு முயல்பவர்களுக்கு மட்டும் வீட்டின் இடம் முன்கூட்டியே முக்கியம். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கே முன்னுரிமை, அதுவும் தொடக்க வகுப்புக்குத்தான். முகவரிச் சான்று மாறாமல் புது வீட்டை மட்டும் காட்டிப் பயனில்லை.

வீடு பார்க்கப் போவது ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஓ.எம்.ஆர். சாலை அப்போது காலியாகக் கிடக்கும். புதன் மாலை நாலரைக்குச் சென்டரிலிருந்து வீட்டுக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அரை மணிக்கு மேல் ஆனால் பிள்ளை களைத்துப் போகும், அடுத்த அமர்வு வீண். ஓடிப்போகும் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் தண்ணீர்தான் பெரிய ஆபத்து. தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு உண்டா, பக்கத்தில் கிணறோ ஏரிக்கரையோ இருக்கிறதா, மொட்டைமாடிக் கதவு யார் பொறுப்பில் என்று பாருங்கள். ஜெனரேட்டர் எந்தப் பக்கம், பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறதா என்பதும் சேர்த்து. காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

வரிசை இதுதான்: ஊர் வீட்டைக் காலி செய்யாமல், டி.சி. வாங்காமல், கோடை விடுமுறையில் ஆறு வாரம் உறவினர் வீட்டிலோ மாத வாடகை அறையிலோ தங்கி சென்டரைச் சோதியுங்கள். பிறகு பள்ளி, அதன் பிறகு வீடு. லாக்-இன் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம்.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வராத தெரபிஸ்ட் நாட்கள், ரத்தான அமர்வுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதுங்கள். பாக்கியைத் திருப்பிக் கேட்டு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்களிடம் வங்கியில் எடுத்த தேதியும் சென்டர்காரரின் "கிடைத்தது மேடம்" என்ற செய்தியும் மட்டுமே இருக்கும். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.