வந்தாறுமூலை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுமம்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி, பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் தொடங்கப்பட்டபோது அங்கே இருந்தவை விஞ்ஞானம், விவசாயம் என்ற இரண்டு பீடங்கள் மட்டுமே. 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கல்லூரியாக இருந்த அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் படித்து வெளியேறிய பட்ச்சை (ஒன்றாகப் படித்த மாணவர் அணியை) சேர்ந்தவன் நான். எங்களில் எல்லோருமே இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். பலர் ஓய்வூதியம் பெறுபவர்கள்.

1990க்குப் பிறகு யார் எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தெரியாமல் போயிற்று. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின் மருதமுனை, கல்முனை, திருக்கோவில் பக்கத்து நண்பர்களைப் பற்றி விசாரிப்பதற்கு என்னிடம் இருந்தது ஒரு பழைய முகவரிக் கொப்பி மாத்திரம்தான். அதில் எழுதியிருந்த சில விலாசங்களில் வீடுகளே எஞ்சியிருக்கவில்லை. 2016இல் ஒரு நண்பரின் மகளுடைய திருமண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்த பதினொரு பேர் தொடங்கிய குழுமத்தில் இன்று முப்பத்து நான்கு பேர் இருக்கிறோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உள்ளவர்கள் போக, மற்றவர்கள் கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இருக்கிறார்கள். நம் வயதினர் இப்படியொரு குழுமத்தைத் தொடங்கலாமா என்று என்னிடம் கேட்கும் மற்றப் பட்ச் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது குரல் பதிவைப் பற்றி. தட்டெழுத்து எங்களில் பாதிப் பேருக்கு வரவில்லை. சிலருக்குக் கண்ணில் வெண்படலச் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, சிலருக்கு விரல் நடுங்குகிறது, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் வாசிப்பவருக்கு விளங்குவதில்லை. கூகிள் விசைப்பலகையில் தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவுசெய்துகொண்டு பேசினால் அது எழுத்தாக மாறும். நிறுத்தி, தெளிவாகப் பேசுபவர்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஆனாலும் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பிடித்துக்கொண்டு "மச்சான், சுகமா இரிக்கியா?" என்று கேட்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. நாற்பது ஆண்டுகளில் முகம் மாறிவிட்டது, முடி போய்விட்டது. குரல் மட்டும் விடுதி வராந்தாவில் கேட்ட அதே குரலாகவே இருக்கிறது.

இதை நான் முழுமையாக உணர்ந்தது திருக்கோவில் நண்பர் ஒருவரால். 2018இல் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின், ஒரு மாலையில், குழுமத்தில் நான்கு செக்கன் நீளமான ஒரு பதிவு வந்தது. மூச்சுச் சத்தம், ஒரு முயற்சி, பிறகு "மச்..." என்ற ஓசை, அவ்வளவுதான். அன்றிரவு எவரும் வேறெதையும் பகிரவில்லை. அதன்பின் அவர் வாரத்துக்கு ஒன்றாக அனுப்பினார். ஆறு செக்கன், பதினைந்து செக்கன் என்று நீண்டு, அடுத்த ஆண்டு தைப்பொங்கலுக்கு இரண்டு நிமிடம் தடங்கலின்றிப் பேசினார். பேச்சுப் பயிற்சிக்குப் போவதற்கே அலுத்துக்கொண்ட மனிதர் எங்களுக்குப் பதிவு அனுப்புவதற்காக நாள்தோறும் பழகினார் என்று அவருடைய மனைவி பின்னர் சொன்னார். பதிவுகளை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி 2021இல் வந்தது. எங்கள் குழுமத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை.

அடுத்து, காலை வணக்கப் படங்கள். பூவும் சூரியனும் சாமிப் படமுமாக வருகிற இவற்றை நிறுத்த வேண்டும் என்று தொடக்கத்தில் நானே வாதாடினேன். இப்போது அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் நண்பர் ஒருவர் அக்கரைப்பற்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு ஒரு படம் அனுப்புவார். ஒருநாள் பத்து மணியாகியும் அது வராததால் பக்கத்து ஊர் நண்பர் போய்ப் பார்த்தபோது, அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, நேரத்துக்கு வைத்தியசாலையில் சேர்த்ததால் நடமாடும் நிலைக்கு வந்துவிட்டார். படங்கள் கைபேசியை நிரப்புவதுதான் கவலை என்றால், தானாகப் பதிவிறங்குவதை அமைப்பில் நிறுத்திவைத்தால் போதும்.

வைத்தியக் குறிப்புகளும் வதந்திகளும் வேறு விடயம். 2020இல் ஊரடங்கின்போது கொரோனாவுக்குக் கசாயம், ஆவி பிடித்தல் என்று நாளுக்கு நாற்பது ஐம்பது செய்திகள் வந்ததால், நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிப் பார்த்தோம். வதந்தியோடு பேச்சும் நின்று குழுமம் இழவு வீடு போல ஆகிவிட்டது. இரண்டு வாரத்தில் அதைத் திறந்துவிட்டு, இரட்டை அம்புக்குறியோடு வரும் எதையும் இங்கே பகிர்வதில்லை என்ற ஒரே விதியை வைத்தோம். பலரால் திரும்பத் திரும்பக் கடத்தப்பட்ட செய்திக்கே அந்தக் குறி விழும் என்பதால், விதியை நினைவில் வைப்பதும் எளிது. இன்றுவரை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது.

குழு அழைப்பு எதிர்பார்த்த அளவுக்குப் பயன்படவில்லை. காணொளியில் 2020இல் எட்டுப் பேரும் 2022 முதல் 32 பேரும் சேரலாம் என்றாலும், ஆறு பேருக்கு மேல் வந்தால் ஒருவர் பேச்சும் மற்றவருக்கு விளங்குவதில்லை. ஞாயிறு இரவு ஏழரை மணி என்று வைத்திருக்கிறோம். ரொறன்ரோவில் அப்போது காலை, சிட்னியில் நள்ளிரவு. சிட்னி நண்பர் விழித்திருந்து வருகிறார்.

எல்லாவற்றையும் இந்த ஒன்றிலேயே போட்டுவைக்கக் கூடாது என்பதை 2019 ஏப்ரல் 21 கற்பித்தது. உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின், யார் எங்கே என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்த வேளையில், வாட்ஸ்அப் உட்படச் சமூக ஊடகங்கள் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. மாத இறுதியில்தான் தடை நீங்கியது. சாதாரண அழைப்புகளால் ஒவ்வொருவராகத் தேடினோம். வெளிநாட்டு நண்பர்களுக்கு யாரை அழைப்பது என்றே தெரியவில்லை. அதன்பின், ஒவ்வொருவருடைய வீட்டுத் தொலைபேசி, ஒரு பிள்ளையின் அல்லது அயலவரின் இலக்கம் ஆகியவற்றைத் தாளில் எழுதி எல்லோருக்கும் தபாலில் அனுப்பினேன். அதை ஆண்டுக்கொரு முறை தைமாதத்தில் திருத்துகிறேன். குழுமம் தொடங்குவோர் அந்தத் தாளை முதல் நாளே தயாரித்துக்கொள்ள வேண்டும்.

120 நாட்கள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத கணக்கு அழிக்கப்பட்டுவிடும் என்ற விதியையும் அறிந்திருப்பது நல்லது. திருக்கோவில் நண்பர் 2023இல் இரண்டாவது பக்கவாதத்தில் காலமானார். நான்கு மாதம் கழித்து, அவர் வெளியேறிவிட்டார் என்று குழுமத்தில் ஒரு வரி தோன்றியது. அது தானாக நடந்தது என்று அறியாத இரண்டு பேர் பதறி என்னை அழைத்தார்கள். அதற்குப் பிறகு, எவரேனும் இறந்தால் அவருடைய துணைவியையோ பிள்ளையையோ, விருப்பமிருந்தால், அவருடைய இடத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.

என்னுடைய கவனக்குறைவு ஒன்றையும் சொல்ல வேண்டும். கடந்த ஆண்டு எனது கைபேசி கிணற்றடியில் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. காப்புப் பிரதி எடுக்கும் வசதியை நான் ஒருபோதும் இயக்கியிருக்கவில்லை. எட்டு ஆண்டுப் பேச்சும் போயிற்று. புதிய கைபேசியில் குழுமத்துக்குத் திரும்பி அதைச் சொன்னபோது கல்முனை நண்பர், "பொறு மச்சான், என்னட்ட எல்லாம் இரிக்கி" என்று எழுதினார். அந்தி நேரத்து மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர், திருக்கோவில் நண்பரின் பதிவுகளைத் தேடித் தேடி, பழையதிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கினார். பதினொரு மணி வரை வந்துகொண்டிருந்தன. முதலாவது, நான்கு செக்கன்.