முற்றத்துத் தண்ணீர்: புதைத்த குழாயா, திறந்து பார்க்கும் வாய்க்காலா?

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகும் எங்கள் பின்முற்றத்தில், கதவுக்கு இரண்டடி தள்ளி ஒரு சின்னக் குளம் நிற்கும். இரண்டு வருடம் துடைப்பத்தால் தள்ளிவிட்டே சமாளித்தோம். சுவரடியில் ஓதம் ஒரு சாண் உயரத்துக்கு ஏறி, பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்த பிறகுதான் இது துடைப்பத்தோடு முடிகிற விஷயம் இல்லை என்று உறைத்தது. அதன் பிறகு இரண்டு வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். முதலில் மண்ணுக்குள் புதைக்கும் துளைக் குழாய். அது அடைத்துக்கொண்ட பிறகு, தள மட்டத்திலேயே ஓடும் கிராதி போட்ட வாய்க்கால். நான் இரண்டாவதின் பக்கம். பராமரிப்பு என்ற ஒரே காரணத்துக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

எதைப் போட்டாலும் வாட்டம் சரியில்லை என்றால் வீண். தெரிந்த விஷயம்தான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தளம் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. இறங்க வேண்டும். 4 மீட்டர் அகல முற்றத்துக்கு 4 முதல் 8 செ.மீ. ரசமட்டத்தை அப்படியே தரையில் வைத்தால் அந்த ஒரு கல்லின் சாய்வைத்தான் காட்டும். இரண்டு மீட்டர் நேர்சட்டத்தைப் போட்டு அதன் மேல் வைத்துப் பாருங்கள். இன்னும் சுலபமான வழி, மழைக்குப் பிறகு மற்ற இடமெல்லாம் காய்ந்ததும், தண்ணீர் தேங்கிய இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவைப்பது. நான்கைந்து மழையில் பள்ளங்களின் வரைபடமே கிடைத்துவிடும். இன்னொன்று: பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போடும்போது மட்டம் ஏறிவிடுகிறது. சுவரில் உள்ள ஓதத் தடுப்பு அடுக்குக்கு (தரை ஈரம் மேலே ஏறாமல் சுவருக்குள் கிடையாகக் கொடுக்கும் நீர்புகா அடுக்கு) குறைந்தது 15 செ.மீ. கீழேதான் முற்றத்தின் மட்டம் நிற்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் எந்த வடிகாலும் சுவரைக் காப்பாற்றாது.

எவ்வளவு தண்ணீர் வரும் என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் முற்றம் 20 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ. கொட்டினால் 600 லிட்டர். பயப்படும் அளவு இல்லை. ஆனால் 60 சதுர மீட்டர் கூரையின் தண்ணீரும் ஒரே குழாய் வழியாக அதே முற்றத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. அது தனியாக 1,800 லிட்டர். முற்றத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். முக்கால் பங்கு தண்ணீர் கூரையிலிருந்து வந்திருக்கிறது. அந்தக் குழாயைத் தனியாகத் திருப்பிவிட்டதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வேறு எந்த வேலையையும் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

இனி துளைக் குழாய். முப்பது செ.மீ. அகலம், அரை மீட்டர் ஆழத்தில் பள்ளம் வெட்டி, வடிகட்டித் துணி விரித்து, கழுவிய முக்கால் இன்ச் ஜல்லி பரப்பி, துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி நான்கு இன்ச் குழாயை வைத்து, மேலே மறுபடி ஜல்லி கொட்டித் துணியை மடித்து மூடுவது. துளை ஏன் கீழே என்று பலர் கேட்கிறார்கள். பள்ளத்துக்குள் தண்ணீர் அடியிலிருந்துதான் நிரம்பி ஏறும்; மட்டம் துளையைத் தொட்டதும் குழாய்க்குள் புகுந்து ஓடிவிடும். இதை பிரெஞ்ச் டிரெயின் என்பார்கள். பிரான்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்கர் 1859-ல் விவசாய நிலத்து வடிகால் பற்றி விரிவாக எழுதினார், அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ‘விவசாய நிலம்’ என்பதில்தான் என் தவறு அடங்கியிருக்கிறது. மண்ணுக்குள் ஊறி நிற்கும் நீரை வெளியே எடுக்க வந்த முறை இது. நான் அதைக் கல் தளத்தின் மேல் ஓடிவரும் நீரை வாங்குவதற்குப் போட்டேன். மேல் நீர் சும்மா வராது. தூசி, மண், சருகுத் தூள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும்.

போட்டுக்கொடுத்தவர், “பூமிக்குள்ள போயிடுச்சு சார், இனிமே நீங்க அதை மறந்துடலாம்” என்றார். நானும் மறந்துவிட்டேன். இரண்டு வருடம் அருமையாக வேலை செய்தது. மூன்றாவது மழைக்காலத்தில் குளம் பழைய இடத்துக்கே வந்து நின்றது. தோண்டிப் பார்த்தபோது மேல் ஜல்லியின் இடுக்கெல்லாம் வண்டல். துணியை விரலால் சுரண்டினால் நகக்கண்ணில் பசைபோல ஒட்டியது. அதன் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன், அப்படியே நின்றது. குழாயின் ஒரு இணைப்பில் முடிக்கற்றை மாதிரி வேர் புகுந்து, உள்ளே கையளவு கொத்தாகத் திரண்டிருந்தது. பத்தடி தள்ளி நிற்கும் செடியின் வேர்.

இதைச் சுத்தம் செய்ய வழி இல்லாமல் இல்லை. குழாயின் தலைப்பிலும் திருப்பங்களிலும் மேலே வரை ஒரு நிமிர்ந்த குழாயை ஏற்றி மூடி போட்டிருந்தால், அதன் வழியே ஹோஸ் விட்டு அலசலாம். எனக்கு அது வைக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. வைத்திருந்தாலும் குழாயின் உள்பக்கம்தான் சுத்தமாகும். துணியும் ஜல்லியும் அடைத்துவிட்டால் தளத்தைப் பெயர்த்து மறுபடி பள்ளம் வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று: அடைப்பு எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாது. பெருமழை வந்து தண்ணீர் நின்ற அன்றுதான் தெரிந்தது, அன்றைக்கு எதுவும் செய்ய முடியாது.

வாய்க்கால் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. முற்றத்தின் தாழ்ந்த ஓரத்தில் 8 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், மேலே கழற்றக்கூடிய கிராதி, முடிவில் ஒரு வண்டல் தொட்டி, அதிலிருந்து வெளியேறும் குழாய். அவ்வளவுதான். மாதம் ஒருமுறை கம்பிக் கொக்கியால் கிராதியைத் தூக்கி, கொத்துக்கரண்டியால் வழித்தெடுத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. சருகு உதிரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. போன தடவை அரை வாளி கறுப்புச் சேறு, இலைக்காம்புகள், ஒரு கல் சில்லு, பாப்பாவின் தலைக் கிளிப். இவ்வளவும் புதைத்த குழாயின் ஜல்லிக்குள் போயிருந்தால் எங்கே தங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

போடும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. கிராதியின் மேல்பரப்பு தளத்தைவிட 3 மி.மீ. அளவாவது தாழ்ந்திருக்க வேண்டும். எங்கள் வாய்க்காலில் ஓரிடத்தில் கிராதி நூலளவு மேலே நின்றுவிட்டது. தண்ணீர் உள்ளே இறங்காமல் அதன் ஓரமாகவே ஓடி மூலையில் தேங்கியது. கொத்தனார் அந்த ஒரு துண்டை மட்டும் பெயர்த்து மறுபடி அமர்த்தினார். வாய்க்காலின் அடிக்கும் தனியாக வாட்டம் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே தேங்கும். பக்கவாட்டில் நன்றாகக் கான்கிரீட் கொடுக்காவிட்டால் நாளடைவில் வாய்க்காலின் சுவர் உட்பக்கம் நெருங்கி, கிராதியைக் கழற்ற முடியாமல் இறுகிவிடும். கழற்ற முடியாத கிராதி என்றால் வாய்க்கால் போட்டதன் பயனே போயிற்று. கிராதியை அரை மீட்டர்த் துண்டுகளாக வாங்குங்கள், ஒருவரே தூக்கலாம். ஆள் நடக்கும் இடத்துக்கு ஏ15 தரம் போதும், அதாவது 15 கிலோநியூட்டன், சுமார் ஒன்றரை டன் சுமை. கார் ஏறும் பாதை என்றால் பி125 கேட்டு வாங்குங்கள். வார்ப்பிரும்பு கனம், அதனால் மிதித்தால் ஆடாது. பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும். திருகு போட்டு இறுக்கும் வகை என்றால் திருகுக்கு கிரீஸ் தடவிவையுங்கள். துரு பிடித்த திருகோடு நான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடியிருக்கிறேன்.

மூன்றாவதாக, தண்ணீரைத் தளமே குடிக்கும் வகை: கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, அதில் மணலுக்குப் பதில் பொடி ஜல்லி நிரப்பி, அடியில் தூள் கலக்காத ஜல்லி அடுக்கு கொடுப்பது. பக்கவாட்டு நடைபாதையில் ஒரு பகுதிக்கு மட்டும் இதைப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. மழையில் நடந்தால் காலில் தண்ணீரே படுவதில்லை, பாசியும் குறைவு. பார்க்க இதுதான் அழகு. ஆனால் இடைவெளிகளில் மண் சேர்ந்து புல் முளைக்கத் தொடங்கிவிட்டது. நாளாக ஆக ஜல்லியை உறிஞ்சியெடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டிவரும். அந்த வேலையை நான் இன்னும் செய்ததில்லை, ஆகவே பத்து வருடத்துக்கு இது நிற்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. களிமண் நிலத்தில், வீட்டுச் சுவரை ஒட்டி இதைப் போட எனக்குத் தைரியம் வராது. குடித்த தண்ணீர் இறங்க இடமில்லாமல் அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

புதைத்த குழாய்க்கு இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மேட்டிலிருந்து வீட்டுப் பக்கம் சரியும் நிலத்தில், மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் புல்தரையில் கால் வைத்தால் சேறு பிதுங்குகிறது என்றால், அது மண்ணுக்குள் நடக்கும் நீர். மேலோட்டமான வாய்க்கால் அதைத் தொடவே தொடாது. அங்கே துளைக் குழாய்தான் சரி, அலசுவதற்கான நிமிர்ந்த குழாய்களோடு. கல் தளத்தின் மேல் நீருக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

வாய்க்கால் போய்ச் சேரும் இடத்தையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்து மனைக்குள் திருப்பிவிடுவது தீர்வு ஆகாது. உறிஞ்சுகுழி என்றால் சுவரிலிருந்து 5 மீட்டராவது தள்ளி. ஜல்லி நிரப்பிய குழியில் காலியிடம் மூன்றில் ஒரு பங்குதான், ஒரு கன மீட்டர் குழி சுமார் 300 லிட்டர்தான் கொள்ளும். தோண்டும் முன் ஓரடி ஆழக் குழியில் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி ஊற்றி எத்தனை நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். முதல் தடவை காய்ந்த மண் வேகமாகக் குடித்துவிடும், அந்தக் கணக்கை நம்பக் கூடாது.

வாய்க்காலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். வண்டல் தொட்டியின் அடியில், வெளியேறும் குழாய்க்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வண்டல் படிவதற்கு அந்த ஆழம் வேண்டும். ஆனால் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒன்றரை வாரம்கூட ஆகாது. முதல் வருடம் மூடியைத் திறந்தபோது உள்ளே புழுக்கள் நெளிந்தன. இப்போது தொட்டியின் அடியில் இரண்டு துளை போட்டுக் கீழே ஜல்லி கொடுத்திருக்கிறேன், மூடிக்கு அடியில் நைலான் வலை. மழை இல்லாத நாட்களில் தொட்டி காய்ந்துவிடுகிறது. தொடர் மழை நாட்களில் துளைகள் சேறடைத்து மறுபடி தண்ணீர் நிற்கிறது, அப்போது வாரம் ஒருமுறை குவளையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.