இக்தியோசார்: 1854 சிலையா, இன்றைய ஓவியமா?

லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காக சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த இக்தியோசார் (டைனோசர் காலத்துக் கடல் ஊர்வன) சிலைகள் முதலை மாதிரி கரையேறிக் கிடக்கின்றன. முதுகில் துடுப்பு இல்லை. கண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும்: உள்ளே மறைந்திருக்க வேண்டிய எலும்பு வளையம் பூவிதழ் போல வெளியே தெரிகிறது. பாவம், அன்று கையில் இருந்தது பெரும்பாலும் எலும்புதானே.

அப்புறம் 1890-களில் ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடனில், உடலின் வெளிக்கோடே கறுப்புப் படலமாகப் பதிந்த புதைபடிவங்கள் வெளிவந்தன. பிறை வாலும், எலும்பே இல்லாத முதுகுத் துடுப்பும் அவற்றில் தெரிந்தன. 2018-இல் ஸ்டெனோப்டெரிஜியஸ் என்ற இக்தியோசார் வகை ஒன்றின் தோலை ஆராய்ந்தார்கள்: செதில் கிடையாது, அடியில் கொழுப்படுக்கு, மேற்புறம் கருமை, வயிறு வெளிர். இன்றைய ஓவியர்கள் வரைவது இதைத்தான். நிஜத்துக்கு நெருக்கம் இதுவே. ஆனாலும் அந்தச் சிலைகளின் முறைப்பு இதில் இல்லை.