எந்த மாசத்துக் கடல்?

பெட்டிக்குள் பன்னிரண்டு பாக்கெட், ஒவ்வொன்றும் 25 கிராம். ஓலை, கோரை, சணல் எல்லாவற்றுக்கும் ஏற்ற சாயப்பொடி என்று அட்டையில் போட்டிருந்தது. பார்சல் செலவோடு 640 ரூபாய். பிரித்ததும் ‘கடல் நீலம்’ பாக்கெட்டைத்தான் முதலில் கொதிதண்ணீரில் போட்டேன். பெட்டி முடைவதற்காக முக்கியெடுத்த பனையோலையைப் பார்த்துவிட்டு எங்கள் அயித்தை கேட்டது: “எந்த மாசத்துக் கடலுடீ இது?”

நியாயமான கேள்வி. சாயல்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டின ஊர் எங்களுடையது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கடல் கலங்கிப்போய் சாம்பல் பூத்த பச்சையாகக் கிடக்கும். அதே நாளில் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்று வடக்கே பார்த்தால் பாக் விரிகுடா தட்டில் ஊற்றிவைத்த மாதிரி இருக்கும். அதைப் பெண் கடல், எங்கள் பக்கத்தை ஆண் கடல் என்று சும்மாவா பிரித்தார்கள்? ஐப்பசிக்கு மேல் வாடை இறங்கிவிட்டால் பெண் கடலுக்கும் கோபம் வந்துவிடும். பங்குனி மத்தியானத்தில் மட்டும் ஒரு நீலம் வரும், கரையோரம் வெளுத்து, உள்ளே போகப் போகக் கறுத்து. பாக்கெட்டில் இருந்தது இதில் எதுவுமில்லை. பள்ளிக்கூடத்துச் சீருடை நீலம். அதுவும் ஓலையில் ஏறினதும் பச்சைக்குச் சாய்ந்துவிட்டது.

சாய்ந்ததற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். குருத்தோலை என்னதான் வெயிலிலும் பனியிலும் போட்டு வெளுக்க வைத்தாலும் அடியில் ஒரு மஞ்சள் இருந்துகொண்டேதான் இருக்கும். மஞ்சள் மேல் நீலம் போட்டால் பச்சைதானே வரும். ஆனால் ஓலைக்கென்று சொல்லி விற்கிறவர் இதை ஒரு வரி எழுதியிருக்கலாம். தண்ணீர் பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் ஊர்க் கிணறு உவர். அதில் காய்ச்சின சாயம் சட்டி அடியில் திரிதிரியாகத் தங்கிவிட்டது, ஓலையில் திட்டுத் திட்டாகப் பிடித்தது. ஊருணித் தண்ணீர் எடுத்து வந்து மறுபடி போட்ட பிறகுதான் நிறம் தெளிந்தது.

வெயிலுக்கு நிற்குமா என்று பார்க்க நான் எப்போதும் செய்வது இது: நிறத்துக்கு ஒரு ஓலை நறுக்கு எடுத்துப் பழைய காலண்டர் அட்டையில் வரிசையாக ஒட்டி, பாதியைக் கறுப்புத் துணியால் மூடி, மேற்கு ஜன்னலில் வைத்துவிடுவேன். முப்பதாம் நாள் துணியை எடுத்தேன். ஊதாவில் மூடின பாதி கத்தரிப்பூ, மூடாத பாதி வெங்காயச் சருகு. ரோஸும் பாதிக்குப் பாதி வெளுத்துவிட்டது. சிவப்பு, காப்பிக்கலர், கறுப்பு மூன்றும் அசையவில்லை. பச்சை கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தபோது மிச்சமிருந்த ரோஸும் துணிக்கு வந்துவிட்டது. கல்யாணத் தாம்பூலத்துக்குக் கொட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டி முடைகிறவர்கள் இந்த ரோஸைத் தொடாதீர்கள், பட்டுச்சேலை போச்சு.

இனி நல்லதைச் சொல்கிறேன். பெட்டியில் இருக்கிற நிறத்தை அப்படியே போடாமல் கலந்தால் இந்தப் பொடி நன்றாகவே பேசுகிறது. பச்சையில் சிவப்பு ஒரு சிட்டிகை போடுங்கள், பச்சையின் மினுக்கு அடங்கி ஆடி மாசத்துக் கடல் வந்துவிடும். இரண்டு சிட்டிகை போனால் சாணி. மூன்று சட்டி வீணாக்கித்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

‘மிளகாய்ச் சிவப்பு’ என்று இருப்பது நீட்டு மிளகாயின் சிவப்பு. நம்முடையது முண்டு மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கினது. மாசி, பங்குனியில் களத்தில் காயப் போட்டிருக்கும்போது பாருங்கள், முதல் நாள் ஒரு சிவப்பு, பத்தாம் நாள் வேறு. தோல் இறுகி, பளபளப்போடு கறுத்து வரும். சிவப்போடு காப்பிக்கலர் கால் பங்கு சேர்த்ததில் அந்தப் பத்தாம் நாள் கிடைத்தது. ஆரஞ்சில் மஞ்சள் கலந்தால் ஆவணிப் பனம்பழத்தின் சதை. பெட்டியின் விளிம்பில் வரும் வாய்க்கட்டுக்குக் கறுப்பு ஓலை கொடுத்தால் பழத்தின் தோலும் வந்துவிடுகிறது. அப்படி முடைந்த ஆறு பெட்டியும் ஒரே வாரத்தில் போய்விட்டது.

எனக்குப் பிடிபடாமல் இருப்பது உமரிச் செடியின் நிறம்தான். மழை முடிந்ததும் உப்பங்கழி ஓரமெல்லாம் பச்சையாகத் தழைத்து நிற்கும். தண்ணீர் வற்றி உப்பு ஏற ஏறச் சிவக்கும். ஒரே செடியில் பச்சையும் சிவப்பும் இருக்கும் ஒரு பத்துப் பதினைந்து நாள் உண்டு. அதை எந்தச் சட்டியில் காய்ச்சுவது? ஓலையின் அடிப்பாதியைச் சிவப்பிலும் நுனியைப் பச்சையிலும் முக்கிப் பார்த்தேன். நடுவில் சேரும் இடம் இன்னும் அழுக்காகத்தான் தெரிகிறது.

அயித்தைக்கு இந்தப் பொடி எதுவுமே பிடிக்கவில்லை. இந்தக் கரை மணலில் முளைக்கிற இம்பூரலின் வேரைக் கொண்டுதான் ஒரு காலத்தில் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள், சாயவேர் என்றே அதற்குப் பெயர். “அத விட்டுப்புட்டு பார்சல்ல வாங்குறா” என்று முனகிக்கொண்டே இருக்கும். அந்தச் செடியின் வேர் ஊசி மாதிரி இருக்கும். எத்தனை செடியைப் பிடுங்கினால் ஒரு சட்டி சாயம் தேறும் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

இன்னொன்று. கருப்பட்டி, பணியாரம் வைக்கிற பெட்டிக்கு நான் சாயம் போடுவதே இல்லை. பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்கிற சாயம் இருந்ததென்று 2024 பிப்ரவரியில் அரசாங்கம் தடை செய்ததே, அதன் பிறகு வாங்குகிறவர்களே கேட்கிறார்கள். இந்தப் பாக்கெட்டில் என்ன பொருள் இருக்கிறதென்று எங்கேயும் எழுதவில்லை. போன் பண்ணிக் கேட்டேன், “நல்ல கலர்தான்கா” என்றார்கள்.

மறுபடி வாங்குவேனா? பெட்டியாக வாங்க மாட்டேன். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, காப்பி, கறுப்பு இந்த ஆறையும் உதிரியாகக் கொடுத்தால் வாங்குவேன், கேட்டிருக்கிறேன். ‘கடல் நீலம்’ முக்கால் பாக்கெட் அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன்.