பௌலிங் கோச் ஆக எந்தச் சான்றிதழ்? மதுரையிலிருந்து ஒரு கணக்கு

மதுரையில் பௌலிங் என்றதும் வேகமா, சுழலா என்றுதான் கேட்கிறார்கள். நான் சொல்வது கிரிக்கெட் இல்லை, 60 அடி தள்ளி முக்கோணமாக நிற்கும் பத்து பின்களைப் பந்தை உருட்டிச் சாய்க்கிற டென்பின் பௌலிங். திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். போன வருடம் பிள்ளைகள் சிலரை ஒரு மாலில் இருந்த லேனுக்கு, அதாவது பந்து உருட்டும் நீளமான தளத்துக்கு, கூட்டிப்போனோம். அங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லித் தராமலே, தோளை ஆட்டாமல் கையை ஊஞ்சல் மாதிரி விட்டு எறிந்ததைப் பார்த்த அன்றிலிருந்து, இவளுக்கு முறையாகச் சொல்லித்தர நான் எதைப் படிக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே இருக்கிறேன்.

உலகத்தில் அதிகம் பேர் போகும் பாதை அமெரிக்காவின் யூ.எஸ்.பி.சி. (யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ்) நடத்துவது. ஆண்கள், பெண்கள், இளையோர் என்று தனித்தனியாக இருந்த சங்கங்கள் 2005-ல் ஒன்றாகி உருவான அமைப்பு அது, தலைமையிடம் டெக்சாஸில் ஆர்லிங்டன். லெவல் ஒன், ப்ரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்று நான்கு படி. லெவல் ஒன் ஆன்லைனிலேயே முடிந்துவிடும், திருமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம், அதுதான் அதன் பெரிய வசதி. ஆனால் நான்கடி அப்ரோச்சில், அதாவது பந்தை விடுமுன் நான்கு எட்டு வைத்து வருவதில், முதல் அடியும் பந்தை முன்னால் நீட்டுவதும் சேர்ந்து நடக்க வேண்டும், கடைசிக் கால் வழுக்கி நிற்கும் நேரத்துக்குக் கை கீழே வந்துசேர வேண்டும் என்பதை வாசித்துத் தெரிந்துகொள்வது வேறு, ஒரு பிள்ளை ஓடிவரும்போது எந்த அடியில் கை பிந்தியது என்று அந்தக் கணத்திலேயே பிடிப்பது வேறு. இரண்டாவதற்குக் கண் பழக வேண்டும். கண்ணைப் பழக்குவது ப்ரான்ஸ் படியிலிருந்துதான் ஆரம்பம். அந்த வகுப்புக்கு நேரில் போய், லேனில் நின்று, விளையாடுகிறவரைப் பார்த்துத் தவறைச் சொல்லிப் பழகவேண்டும். சில்வர் அதைவிட ஆழம். கோல்டு வாங்கியவர்கள் உலக அளவிலேயே கொஞ்சம் பேர்தான்.

ஐரோப்பிய டென்பின் கூட்டமைப்பு மூன்று நிலைகளாகத் தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. நல்ல பெயர் உண்டு, ஆனால் மதுரையிலிருந்து அது எனக்குத் தூரம், அதோடு விட்டுவிட்டேன்.

எனக்கு மனசு ஒட்டியது சிங்கப்பூர் முறை. அங்கே எல்லா விளையாட்டுக் கோச்களுக்கும் பொதுவான கோட்பாட்டுப் பாடம் ஒன்று, அப்புறம் அந்தந்த விளையாட்டுச் சங்கம் சொல்லித்தரும் நுட்பப் பாடம், கூடவே முதலுதவி. இதெல்லாம் முடித்தவர் பெயர் தேசியப் பதிவேட்டில் ஏறும். மலேசியாவிலும் ஏறக்குறைய இதே பிரிப்புதான், விளையாட்டு அறிவியல் தனி, விளையாட்டின் நுட்பம் தனி, மூன்று நிலைகள். சின்ன நாடுகள்தான், ஆனால் 2002 பூசான் ஆசியப் போட்டியில் சிங்கப்பூரின் ரெமி ஓங் மட்டும் மூன்று தங்கம் வாங்கினார், மலேசியாவின் ஷாலின் சுல்கிஃப்லி பெயரைத் தெரியாத பௌலர் ஆசியாவில் இருக்க மாட்டார். மதுரை, சிவகங்கைப் பக்கம் வீட்டுக்கு ஒரு மாமாவோ சித்தப்பாவோ அந்த ஊர்களில் இருப்பதால் போய்த் தங்குவது பலருக்குச் சிரமமில்லை. ஆனால் அந்தப் பதிவேடு அந்த நாட்டுக்குள் வேலை செய்பவர்களுக்காக உண்டானது. சும்மா ஒரு மாதம் போய் வாங்கிவரும் காகிதம் இல்லை அது. அந்த ஊரில் வேலைக்குப் போகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கலாம். எனக்கு அது பொருந்தாது.

நம் நாட்டில் கோச் என்றாலே பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.தான் எல்லோருக்கும் நினைவு வரும். 1961-ல் தொடங்கியது. ஒரு வருட டிப்ளமோவும் ஆறு வார சான்றிதழ் படிப்பும் உண்டு, அரசு வேலைக்கு அதற்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் கிடையாது. ஆனால் டென்பின் அங்கே டிப்ளமோப் பாடம் இல்லை. தடகளமோ வேறொன்றோ எடுத்துப் படித்துவிட்டு, உடலியக்கம், பயிற்சித் திட்டமிடல் மாதிரியான பொதுவான பகுதியை லேனுக்குக் கொண்டுவரலாம். பி.பி.எட். முடித்த என்னைப் போன்றவர்கள் அதில் பாதியை ஏற்கனவே படித்திருக்கிறோம், அதனால் பௌலிங்குக்காக மட்டும் பாட்டியாலா போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கோச் சான்றிதழ் என்று தேடும்போது யாருமே கணக்கில் எடுக்காத ஒன்று, பந்தில் துளை போடும் வேலை. இதற்கென்றே ஐ.பி.பி.எஸ்.ஐ.ஏ. என்ற சர்வதேசச் சங்கம் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. எனக்கு இதன் அருமை புரிந்தது அந்த மால் லேனில்தான். பொதுப் பந்தில் துளைகள் யார் கைக்கும் சேராது. கட்டைவிரல் துளை பெரிதாக இருந்ததால் அந்தப் பெண் பந்து நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடித்தாள், இறுக்கியதும் முன்கை விறைத்தது, ஊஞ்சல் போல வந்த கை மூன்றாவது ஆட்டத்தில் வெட்டிவெட்டி வந்தது, மறுநாள் மணிக்கட்டில் வலி. அங்கே நின்று நான் ‘கையைத் தளர்த்தும்மா’ என்று நூறு தடவை சொன்னதில் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் தவறு கையில் இல்லை, துளையில். கட்டைவிரலுக்கும் நடுவிரல், மோதிரவிரலுக்கும் இடையிலான அளவு, துளை சாய்கிற கோணம், இவை சரியாக இருந்தால் பந்து தானே கையைவிட்டு இறங்கும். இது தெரியாத கோச் எவ்வளவு பெரிய சான்றிதழ் வைத்திருந்தாலும் பிள்ளையின் கையைத்தான் குறை சொல்வார். அதற்காக முழு ட்ரில்லிங் படிப்பையும் மதுரையில் எடுப்பதில் அர்த்தமில்லை, மெஷினும் கிடையாது, ஆளும் கிடையாது. அளவெடுக்கும் பகுதியையாவது கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

லேனில் எண்ணெய் இருப்பதும் இதே மாதிரிதான். சாதாரண லேனில் ஏறத்தாழ 40 அடிவரை எண்ணெய் தடவுவார்கள், நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. பந்து எங்கே வழுக்கும், எங்கே திரும்பும் என்பது அதைப் பொறுத்தது, ஆட்டம் போகப்போக அது நகர்ந்துகொண்டே இருக்கும். அதைப் படிக்கத் தெரியாமல் ஸ்ட்ரைக் (ஒரே உருட்டலில் பத்து பின்னும்) விழவில்லை என்று குழந்தையின் கையை மாற்றுவது பெரிய பாவம். இதையெல்லாம் ஆன்லைனில் கற்க முடியாது, ஒழுங்காகப் பராமரிக்கிற லேன் வேண்டும். அதற்குச் சென்னைதான் கதி. 

அதனால் எனக்கு நான் போட்டுக்கொண்ட வரிசை இது. இந்த விடுமுறையில் லெவல் ஒன். பணம் சேர்ந்ததும், நேரில் வைத்துப் பார்த்துச் சரிசெய்யும் ப்ரான்ஸ் வகுப்பு ஆசியாவில் எங்கே நடந்தாலும் அங்கே. லெவல் ஒன்னோடு நிறுத்திக்கொண்டு ‘சர்வதேசச் சான்றிதழ் பெற்ற கோச்’ என்று பலகை மாட்டுவதை நான் ஏற்கவில்லை. உங்கள் ஊரில் யாராவது அப்படிச் சொன்னால், எந்தப் படி, உங்களை லேனில் நிற்கவைத்துப் பார்த்தது யார் என்று கேளுங்கள்.

அதுவரை பள்ளி வராண்டாவில் டேப் ஒட்டி லேன் அகலத்துக்கு, 42 அங்குலம், கோடு போட்டிருக்கிறோம். குறிவைக்க லேனில் இருக்கும் ஏழு அம்புகளும் சாக்பீஸில் வரைந்தாயிற்று. அந்தப் பெண் தினமும் மாலை வெறுங்கையோடு நான்கு அடி நடந்து, வழுக்கி, நிற்கிறாள். பொங்கல் விடுமுறையில் அவளையும் அவள் அம்மாவையும் சென்னைக்குக் கூட்டிப்போய்க் கைக்கு அளவெடுத்து, 10 பவுண்டு எடையில் ஒரு பந்துக்குத் துளை போட்டு வாங்கி வரப்போகிறோம்.