உண்மை அட்டவணையா, மின்சுற்றா, புதிரா: தர்க்கத்தை எதிலிருந்து தொடங்கலாம்?

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தர்க்கம் சொல்லித்தர மூன்று வழிகள் பரவலாக உள்ளன. நேராக உண்மை அட்டவணை (கூற்றுகள் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும் எல்லா வாய்ப்புகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் முழுக் கூற்று மெய்யா பொய்யா என்று காட்டுவது), அல்லது சுவிட்சும் விளக்கும், அல்லது புதிர்கள். ‘மற்றும்’, ‘அல்லது’, ‘இல்லை’ வரைக்கும் மூன்றுமே நன்றாக வேலை செய்யும். ‘எனில்’ வந்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான் என்பதால் நான் அதை வைத்தே எடைபோடுகிறேன்.

1921-இல் தத்துவவாதி விட்கென்ஸ்டைனும் கணிதவியலாளர் எமில் போஸ்டும் தனித்தனியே அச்சில் கொண்டுவந்தது உண்மை அட்டவணை முறை. இரண்டு கூற்றுகளுக்கு 4 வரிசை, மூன்றுக்கு 8 வரிசை. ஒன்றும் விடுபடாது, யார் போட்டாலும் ஒரே விடை. அதனாலேயே புரியாமலும் போட்டுவிடலாம் என்பதுதான் சிக்கல். முதல் கூற்று பொய்யாக இருந்தால் ‘எனில்’ கூற்று முழுவதும் மெய் என்று அட்டவணை சொல்லும். மாணவர் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவார். ஏன் மெய் என்று கேட்டால் பதில் இருக்காது.

மின்சுற்று வழிக்கு வேறு பலம். சுவிட்சுகளைத் தொடராக இணைத்தால் ‘மற்றும்’, பக்க இணைப்பில் ‘அல்லது’. பொறியாளரும் கணிதவியலாளருமான கிளாட் ஷானன் 1937-இல் தன் முதுநிலை ஆய்வேட்டில் காட்டிய தொடர்பு இது. இரண்டும் மெய்யானால் ‘அல்லது’ மெய்யா என்ற வழக்கமான சண்டையை விளக்கு நொடியில் தீர்த்துவைக்கும்: இரண்டு சுவிட்சையும் போட்டாலும் அது எரியத்தானே செய்கிறது! ஆனால் ‘எனில்’ என்பதற்கு இயல்பான சுற்று கிடையாது. ‘முதலாவது இல்லை, அல்லது இரண்டாவது’ என்று மாற்றி எழுதினால்தான் சுற்று வரும். அப்படி மாற்றலாமா என்பதுதானே மாணவரின் கேள்வியே.

புதிர்கள்தான் வகுப்பை உண்மையில் எழுப்பும். ஒரு தீவில் எப்போதும் உண்மை பேசுபவர்களும் எப்போதும் பொய் பேசுபவர்களும் மட்டும் இருக்கிறார்கள். ஒருவர் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி, “நாங்கள் இருவருமே பொய்யர்கள்” என்கிறார். உண்மை பேசுபவர் இதைச் சொல்ல முடியாது. ஆக சொன்னவர் பொய்யர். சொன்னது பொய்யாக வேண்டுமென்றால் மற்றவர் உண்மை பேசுபவர். மாணவர்கள் இதற்கு விடை தேடும்போது நான்கு வாய்ப்புகளையும் தாங்களாகவே எழுதிப் பார்க்கத் தொடங்குவார்கள். அதுதான் உண்மை அட்டவணை. பெயரை அப்புறம் சொன்னால் போதும்.

‘எனில்’ எவ்வளவு வழுக்கும் என்பதற்கு உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் அறிமுகப்படுத்திய அட்டைச் சோதனை நல்ல சான்று. தமிழ் எழுத்துகளில் சொன்னால், மேசையில் அ, ப, 4, 7 என்று நான்கு அட்டைகள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து எனில் மறுபக்கம் இரட்டைப்படை எண்’ என்ற விதி சரியா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பலரும் அ-வையும் 4-ஐயும் எடுப்பார்கள். சரியான விடை அ-வும் 7-உம். 4-இன் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும். இந்த வகைச் சோதனையில் பெரியவர்களிலும் பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்வது அரிது. விதி எப்போது உடையும் என்று தேடும் பழக்கத்தை இது தருகிறது. அட்டவணையில் ‘எனில்’ பொய்யாகும் ஒரே வரிசையும் அந்த உடையும் இடம்தான்.

மற்ற வரிசைகள் ஏன் மெய் என்பதற்கு எண்களைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ‘ஓர் எண் 6-ஆல் வகுபடும் எனில் 3-ஆல் வகுபடும்’ என்பதை எல்லா மாணவர்களும் எல்லா எண்களுக்கும் ஒப்புக்கொள்வார்கள். சரி, 12-ஐப் போடுங்கள்: முன்பகுதி மெய், பின்பகுதியும் மெய். 9-ஐப் போடுங்கள்: பொய், மெய். 7-ஐப் போடுங்கள்: பொய், பொய். கூற்று எல்லா எண்களுக்கும் மெய் என்று ஒப்புக்கொண்டபின் 9-க்கும் 7-க்கும் மட்டும் பொய் என்று சொல்ல வழியில்லை. முன்பகுதி மெய், பின்பகுதி பொய் என்ற வரிசைக்கு மட்டும் எந்த எண்ணும் கிடைக்காது. வேறு எதற்கும் நேரமில்லாத ஆசிரியர்கூட இந்த ஐந்து நிமிடத்தை விடக்கூடாது.

ஆகவே என் தேர்வு: தீவுப் புதிர், அட்டைகள், 6-உம் 3-உம், அதன்பின் அட்டவணை. சுற்றுகளைக் கணினி வகுப்புக்கு விட்டுவிடலாம். அட்டவணை முடிந்ததும் தீவுக்குத் திரும்பி இன்னொரு புதிர் கொடுங்கள். ஒருவர், “நான் உண்மை பேசுபவன் எனில் இவரும் உண்மை பேசுபவர்” என்கிறார். அவர் பொய்யராக இருந்தால் முன்பகுதி பொய், எனவே கூற்று மெய்யாகிவிடும். பொய்யர் மெய் சொல்ல முடியாது. ஆக இருவருமே உண்மை பேசுபவர்கள். அந்த வரிசையை மனப்பாடம் மட்டும் செய்தவர் இங்கே மாட்டிக்கொள்வார், புரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். தேர்வுத்தாளில் அட்டவணை நிரப்பும் கேள்விக்குப் பதில் இதைக் கேட்கலாம்.